பைக்கு டிக்கெட் இல்லை

என் பை பஸ்ஸில் போகும்.
நான் நடந்து போவேன்.

பஸ் ஏறினால் மூன்றாவது வளைவில் எனக்கு வாந்தி.
இரண்டு முறை கண்டக்டர் போஜராஜின் காக்கிச் சட்டையில்,
ஒருமுறை யாரோ ஏற்றிய முட்டைக்கோஸ் மூட்டையில்.
அதற்குப் பிறகு அம்மாவே சொல்லிவிட்டாள்:
இவ காலு நல்லாத்தானே இருக்கு.

தம்பி யோகராசாவுக்கு ஒன்றும் ஆகாது.
ஜன்னலோரம் உட்கார்ந்து
பொரி தின்றுகொண்டே இறங்குவான்.
மடியில் அவன் பை, அதன்மேல் என் பை.
பைக்கு டிக்கெட் கேட்க மாட்டார் போஜராஜ்.

ரோடு ஒன்பது வளைவு போட்டு
மலையைக் கெஞ்சிக் கெஞ்சி இறங்கும்.
குறுக்குப் பாதைக்கு அந்தப் பொறுமை கிடையாது.
லயனுக்குப் பின்னால் தேயிலைக்குள் புகுந்து,
சில்வர் ஓக் வேர்களில் கால் வைத்து,
ஓடையைத் தாண்டி,
மூன்று இடத்தில் ரோட்டை வெட்டிக்கொண்டு
நேராகப் பள்ளிக்கூடத்துக் கக்கூஸுக்குப் பின்னால் போய் முடியும்.

முதல் வெட்டில் பஸ் போயிருக்கும், புகை நிற்கும்.
இரண்டாவதில் சமம்.
கண்ணாடிக்குள் என் நீலப் பை தெரியும்,
அறுந்த வாரில் ஊக்கு மினுங்க.
யோகராசா அந்த வாரைப் பிடித்து ஆட்டுவான்,
பை எனக்கு டாட்டா காட்டும்.
மூன்றாவதில் நான் முன்னால்.

அட்டைக்குப் பவுடர் டப்பாவில் உப்பு வேண்டும்.
காட்டெருமைக்கு ஒன்றும் வேண்டாம்,
அது தின்று முடிக்கும்வரை நிற்க வேண்டும், அவ்வளவுதான்.
ஒருநாள் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒன்று நின்றது.
முட்டிவரை வெள்ளைச் சாக்ஸ்,
எங்கள் பள்ளியில் யாரிடமும் இல்லாத வெள்ளை.
யோகராசா நம்பவில்லை.
பஸ்ல இருந்து தெரியலயே, என்றான்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை
இரண்டாவது வெட்டில் பஸ் வந்தது,
ஜன்னலெல்லாம் ஆவி படிந்து.
பை ஆடவில்லை.
பள்ளியிலும் அவன் இறங்கவில்லை.
தூங்கியபடியே
என் கணக்கு நோட்டோடு, என் சோற்றுத் தட்டோடு
கோத்தகிரிக்குப் போய்விட்டான்.

பை எங்கே தவராணி, என்றார் ரூத் டீச்சர்.
பஸ்ல வருது டீச்சர்.
நீ?
நான் வந்துட்டேன்.

மத்தியானம் ஆயா
சாம்பார் வாளி மூடியைக் கவிழ்த்துச் சோறு போட்டார்.
இரண்டாவது வாயில்தான் உறைத்தது,
பையோடு தம்பியும் போயிருக்கிறான்.
அழுதேன்.
தட்டுக்கென்று நினைத்து
ஆயா இன்னொரு முட்டை வைத்தார்.
அதையும் தின்றேன், அழுதுகொண்டே.

நாலேகால் பஸ்ஸில்
டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் பெட்டிமேல்
ராஜா மாதிரி வந்து நின்றான்.
வாயோரம் வர்க்கித் தூள்.
ரெண்டு பை, ஒரு பையன், எண்ணிக்கோ,
என்றார் போஜராஜ்.
கையெழுத்துதான் கேட்கவில்லை.

ஏறுடா, என்றார்.
போதும், என்று என்னோடு நடந்தான்.
கோத்தகிரியில் ஒரு கடை முழுக்கச் செருப்பாம்,
செருப்பு மட்டுமாம்.
ஒரு நாய் பெஞ்சில் படுத்திருந்ததாம்.
ஒவ்வொரு வெட்டிலும் இன்னும் எவ்வளவு என்றான்.

ஓடைக்கரைச் சேற்றில் ஒரு குளம்புத் தடம்,
மழைத்தண்ணீர் நிறைந்து.
காட்டினேன்.
செருப்பைக் கழற்றி அதற்குள் கால் வைத்தான்.
இரண்டு பக்கமும் இடம் மிச்சமிருந்தது.
பொய்தான், என்றான்,
காலை எடுக்காமல்.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க
எனக்கு அரை வர்க்கி.
அது பைக்குள்ளேயே இருந்தது,
எட்டாம் வாய்ப்பாட்டில் எண்ணெய் ஊறி
அடுத்த பக்கத்து ஒன்பதாம் வாய்ப்பாடு தெரிந்தது.

ராத்திரி எல்லோரும் தூங்கியபின்
பைக்குள் முகத்தை வைத்தேன்.
டீசல்.
மூன்றாவது வளைவு வந்ததுபோலக் குடல் புரண்டது.

வெளியே எடுத்து மூச்சு விட்டுவிட்டு
மறுபடி வைத்தேன்.