பத்தொன்பது நொடி

போன தடவை நங்கூரம் கேபிளை அறுத்தபோது
எங்களிடம் இரண்டே இயந்திரங்கள்.
மான்டிவீடியோவில் ஒன்று,
கடல் போல் அகன்ற பழுப்பு ஆற்றுக்கு அப்பால்
புவனோஸ் ஐரிஸில் ஒன்று.
அது செத்துவிட்டது என்று இது நினைத்தது,
இது செத்துவிட்டது என்று அது.
இரண்டும் தலைமை ஏற்று
விடியும்வரை படகு டிக்கெட் விற்றன.

காலையில் பதினான்காம் வரிசை ஜன்னலுக்கு
இரண்டு பேர் வந்து நின்றார்கள்.
இருவர் கையிலும் செல்லுபடியாகும் சீட்டு.
ஒருவர் முதுகில் செல்லோ.
பதினோரு மணி நேரம்
வரி வரியாக ஒப்பிட்டு
யாரைப் பொய்யாக்குவது என்று
நானும் ஃபாக்குந்தோவும் கையால் தீர்த்தோம்.
மாத்தே ஆறிப்போய்க் கசந்தது.

அதற்கப்புறம்தான் கொலோனியாவில்
தூண்டில் கடைக்கு மேல் ஒரு வாடகை அறையில்
மூன்றாவதாக ஒரு சின்னப் பெட்டி வைத்தோம்.
பயணிகள் பெயர் அதற்குத் தெரியாது.
கட்டணம் தெரியாது.
ஒரு வாக்கு மட்டும் உண்டு.
சாட்சி என்று அழைப்போம்.

நேற்றிரவு இரண்டே முக்காலுக்கு மறுபடி அறுந்தது.
நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.
புவனோஸ் ஐரிஸ் சுற்றுமுற்றும் பார்த்தது:
மூன்றில் தான் ஒருத்தி மட்டும்.
வாயை மூடிக்கொண்டது.
மூடியிருக்கும் என்று நம்பி உட்காராமல்
எங்கள் ஸ்கிரிப்ட்
செல்போன் கோபுரம் வழியாகப் போய்
அதன் மின்சாரத்தையும் பிடுங்கியது.
பிறகுதான் தலைமை இந்தக் கரைக்கு மாறியது.
மொத்தம் பத்தொன்பது நொடி.

விழித்தபோது செய்தி வந்து கிடந்தது: முடிந்தது.
எனக்கு வேலையில்லை என்பதை நம்பாமல்
பதிவேட்டைத் திறந்தேன்.

ஒரு வரி காணாமல் போயிருந்தது.
கேபிள் அறுந்த கணத்தில்
எவாரிஸ்டோ என்பவர் கேட்ட இருக்கை.
அங்கே எழுதப்பட்டது, இங்கே வந்து சேரவில்லை.
மாற்று வழியில் அந்த இயந்திரம் திரும்பி வந்து சேர்ந்தபோது
ஸ்கிரிப்ட் முதலில் அழித்தது அதைத்தான்.
கொடுமை என்று தோன்றியது, ஒரு நிமிடம்.
ஆனால் அவர் திரையில்
'உறுதி' என்ற சொல் வரவேயில்லை,
சக்கரம்தான் சுற்றிக்கொண்டிருந்தது.
இன்னொருவர் கேட்டுக் குறித்துக்கொள்ளும் வரை
ஆம் என்று சொல்லிவிடாத பழக்கம்.
எங்கள் வீட்டில் யாருக்கும் அது வாய்க்கவில்லை.

அப்பா கடைசியாக, படகை விற்றுவிடு என்றார்.
நான் கேட்டேன்.
விற்காதே என்றார் என்கிறாள் ஒத்தீலியா.
அவளும் கேட்டாள்,
அதே கட்டிலின் மறுபக்கம்.
ஒன்பது வருடமாக ஆற்றின் இரு கரையில்
ஆளுக்கொரு அப்பாவை வைத்திருக்கிறோம்.

ஐந்து மணிக்கு அவளை அழைத்தேன்.
தூக்கக் குரலில் "யார் செத்தது?" என்றாள்.
"யாருமில்லை.
அன்று அந்த அறையில்
நம் இருவரைத் தவிர வேறு யார் இருந்தது?"

நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.
லைன் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"நாய் இருந்தது," என்றாள்.