பத்தொன்பது

ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலைகளை எண்ணுவது என் வேலை.
கவுனாஸிலிருந்து கிளம்பும்போதே பேராசிரியர் வைதோதாஸ்
ஒரு விசிலையும் இந்த வேலையையும் சேர்த்துக் கொடுத்தார்.
மண்ணியல், மூன்றாம் ஆண்டு. ஜார்ஜியா, ஒன்பது நாள்.
விசிலை இரண்டாம் நாளே தொலைத்துவிட்டேன்.
முதலில் என்னை எண்ணிக்கொள்வேன், பிறகு மற்றவர்களை.

மலை சரிந்த ஊர் அது.
தேவாலயத்துக்குப் பாதிச் சுவர்தான். மீதி
ஆற்றுப் பக்கம் போய்விட்டதென்று ஓட்டுநர் ஜும்பேர்
கையை வழியவிட்டுக் காட்டினார்.
குழி வெட்டினோம். அடுக்கடுக்காகச் சுரண்டினோம்.
ஈரமண்ணை விரலில் உருட்டி நிற அட்டையில் வைத்து
இது காப்பித்தூள், இல்லை, அதற்கு ஒரு படி சிவப்பு என்று
கால்மணி நேரம் சண்டை.
ஒரு பழுப்புக்கும் அடுத்த பழுப்புக்கும் நடுவே மயிரிழை.
அந்த மயிரிழைக்குத்தான் மதிப்பெண்.

மழை பிடித்தது. ஓடி ஏறினார்கள்.
கண்ணாடியெல்லாம் ஆவி. ஈரக் குல்லாய்கள், மண் பைகள்.
இடையில் நடந்து எண்ணினேன்: பதினேழு, பதினெட்டு,
கடைசி வரிசையில் தலைக்குட்டையோடு ஒன்று,
பத்தொன்பது. போகலாம் என்றேன்.

நாற்பது நிமிடம் போயிருப்போம்.
பின்னாலிருந்து பிளம் பழங்கள் வந்தன, கை மாறிக் கை மாறி.
மில்டா வாங்கியிருப்பாள் என்று நினைத்தோம். தின்றோம்.
கொட்டையை எங்கே துப்புவதென்று தெரியாமல்
கன்னத்தில் அடக்கிக்கொண்டேன்.

சந்தைத் திருப்பத்தை வண்டி தாண்டியதும்
கடைசி வரிசை எழுந்து நின்று கத்தியது.
பெயர் த்சியாலா.
வியாழக்கிழமைச் சந்தை வண்டி என்று ஏறியிருக்கிறார்.
அதே வெள்ளை, அதே இடம், அதே நேரம், மழை வேறு.
யாரும் காசு கேட்கவில்லையே என்று
அவருக்கும் உறுத்தியதாம்.
அதனால்தான் பழம் கொடுத்தாராம்.

ஜும்பேர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தார்.
பேராசிரியர் சிரிக்கவில்லை.
கணக்கு அவருக்கு முதலில் புரிந்துவிட்டது.

யார் இல்லை?

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
எல்லாரும் இருப்பதுபோலத்தான் இருந்தது.
பட்டியலை எடுத்துப் படிக்கவேண்டி வந்தது.
பதினான்காவது பெயருக்குப் பதில் இல்லை.
அவுஷ்ரினே.

ஜும்பேர் அந்த ஊரில் யாருக்கோ போன் போட்டார்.
ஆள் எப்படி இருப்பாள் என்று கேட்டார்கள்.
அவர் எங்களைக் கேட்டார்.
உயரம்? நடுத்தரம்.
முடி? பழுப்பு, என்றான் ஜியூகாஸ்.
என்ன பழுப்பு? என்றார், சாதாரணமாக.
நிற அட்டை என் மடியில் கிடந்தது.
கண்ணாடி போட்டிருப்பாளா என்பதில்
வண்டிக்குள் இரண்டு கட்சி.
மூன்று வருடம், ஒரே ஆய்வகம்.
அவளுக்கு அடுத்துத் தராசு எனக்கு.
துடைத்து வைத்திருப்பாள். அது மட்டும் தெரியும்.

திரும்பினோம். கூடையை மடியில் வைத்துக்கொண்டு
த்சியாலாவும் கூடவே.
அன்றைய சந்தை போனது போனதுதான்.

அவள் குழிக்குள் இருந்தாள்.
நாங்கள் போதுமென்று விட்ட இடத்துக்குக் கீழே
இன்னும் இரண்டடி தோண்டியிருந்தாள்.
தலைக்குமேல் யாரோ கொண்டுவந்த நீலத் தார்ப்பாய்;
அதன் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு
பக்கத்து வீட்டுப் பையன், கை வலித்து, கை மாற்றி.
அடியில் ஒரு கறுப்பு அடுக்கு, விரல் தடிமனில்.
பழைய தரை, என்றாள்.
மலை இதற்கு முன்னும் ஒரு தடவை சரிந்திருக்கிறது.
அதன் மேல் புல் வந்து, பிறகு ஊர் வந்திருக்கிறது.

அதற்குள் வந்துவிட்டீர்களா, என்றாள்.
நாங்கள் போனது தெரியாமல் கேட்டாளா,
தெரிந்து கேட்டாளா, இன்றுவரை தெரியாது.
கண்ணாடி போட்டிருந்தாள்.
மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.
பிளம் கொட்டை விழுந்தது.

அறிக்கையில் இருக்கிறது:
ஐந்தாம் நாள், களப்பணி, பங்கேற்றோர் பத்தொன்பது.
ஒரு வார்த்தை பொய்யில்லை.

கூடைப் பழம் முழுவதையும் நாங்களே வாங்கிக்கொண்டோம்,
பதினொரு கிலோ.
த்சியாலா நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணினார்,
இரண்டு தடவை,
என்னையே பார்த்துக்கொண்டு.