உடம்படுமெய்

மூடிக் கிடந்த கடிகாரக் கூட்டுத் தொழிற்சாலையில்,
பீல் நகரில், சனவரியில்,
மூன்றாம் மாடிப் படிக்கட்டில்
என் ஷட்டர் செத்தது.
கால் நொடி கேட்டேன்.
திறந்தது. யோசித்தது.
மூட மறந்து நின்றது.
மைனஸ் ஆறு. உள்ளே எண்ணெய்
தேனாக இறுகியிருக்கும்.

லென்ஸ் என்பது ஒரே பொருள் அல்ல.
முன்னே ஒரு கண்ணாடிக் கொத்து, பின்னே ஒன்று,
இரண்டுக்கும் நடுவில் இமை.
திருகிக் கழற்றித் துணியில் பரப்பினால்
மூன்றில் எதற்கும் பார்வை கிடையாது.

மார்லீஸ் ஏபர்ஸோல்ட் தன் பெட்டியைத் திறந்தாள்.
அவளுடையது புது ஷட்டர்:
வில் இல்லை, பல்சக்கரம் இல்லை,
முறுக்கிவிடும் நெம்புகோல் இல்லை,
ஒரு கேபிள், ஒரு சில்லு,
தீப்பெட்டி அளவு பேட்டரி.
"மரை ஒன்றுதான். உன் கண்ணாடி இதில் ஏறும்."
ஏறியது.
ஏறுவது வேறு, பொருந்துவது வேறு.
பழையதைவிட இது மெலிசு,
மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று.
அந்த இடைவெளிக்கென்று ஒரு பித்தளை வளையம்,
தலைமுடிக் கனம்,
அவளிடம் இருந்தது.

இருந்தது.
என் கையுறை விரலில் நழுவிப்
படியில் ஒரு தட்டு, மறுபடியில் ஒரு தட்டு,
பிறகு லிஃப்ட் குழியில்
சத்தமே இல்லை.
அவள் பேர்ன் ஜெர்மனில் திட்டினாள்.
நான் என் பாஷையில்.
காவலாளி ஜான்ரிஷார் பிரெஞ்சில் எட்டிப் பார்த்து
காப்பி கொண்டுவந்தார்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
சாரதாதேவி டீச்சர் கரும்பலகையில் எழுதுவார்:
மணி, கூட்டல் குறி, அடித்தது.
உயிரும் உயிரும் நேருக்கு நேர் வந்தால்
ஒட்டாது பிள்ளைகளே,
இடையில் ஒரு 'ய்' வர வேண்டும்.
மணியடித்தது.
"அந்த ய்-க்கு என்ன அர்த்தம் டீச்சர்?"
ஒன்றுமில்லை என்றார்.
எனக்கு அன்று அது ஏமாற்றம்.

காப்பிப் பாலின் குட்டிக் கிண்ணத்தில்
அலுமினிய மூடி.
உரித்தேன், நக்கினேன், துடைத்தேன்,
மைக்ரோமீட்டரில் வைத்தேன்.
மூன்று மூடி அடுக்கினால்
பத்தில் ஒன்றுக்கு ஒரு மயிரிழை கூட.
"கறுப்பாகவே குடியுங்கள்" என்றார் ஜான்ரிஷார்,
மிச்சமிருந்த இரண்டையும் என் பக்கம் தள்ளி.
ஏரிக் கப்பல் வரிசை:
ஒவ்வொரு மூடியிலும் ஒரு நீராவிக் கப்பல்.
நகவெட்டிக் கத்தரியால் நடுவை வட்டமாக எடுத்தேன்.
கப்பல்கள் போயின.
விளிம்பில் புகை மட்டும்.

திருகினேன். அறுபதில் ஒன்று.
கேட்டதா இல்லையா என்று தெரியாத
ஒரு சொடுக்கு.

எழுத்தின் நீளத்தைக் கண் இமைப்பால்
அளந்தார்கள் எங்கள் ஆட்கள் என்றேன்:
குறிலுக்கு ஒரு இமைப்பு, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை.
மார்லீஸ் லேப்டாப்பிலிருந்து தலை தூக்கவில்லை.
"உங்கள் மொழிக்கு ஷட்டர் வேகம் இருக்கிறது,
சரி. இடது மூலையைப் பார்."

மூன்று மூலை கத்தி போல.
கைப்பிடிக் கம்பியின் துரு,
சுவரில் யாரோ பென்சிலால் போட்ட கூட்டல் கணக்கு,
எல்லாம் எண்ணலாம்.
இடது கீழ் மூலையில் மட்டும்
ஜான்ரிஷாரின் வாளி
நினைத்துப் பார்த்த வாளி மாதிரி.
திரும்பத் திறந்து அழுத்தி மூடினோம்.
வாளி கொஞ்சம் வாளியானது.
முழுசாக ஆகவில்லை.

தொல்லியல் அலுவலகம் பதினெட்டுப் படமும்
வாங்கிக்கொண்டது.
வாளியைப் பற்றிக் கேள்வி வரவில்லை.
லிஃப்ட் குழிக்குள் இறங்க
அனுமதிக் கடிதம் கேட்டோம், இரண்டு மொழியிலும்.
பதில் இன்னும் ஒன்றிலும் இல்லை.

மார்ச்சில் மார்லீஸ் ஷட்டரைக் கேட்டாள்.
கழற்றினேன்.
மூன்று புகை வளையமும்
ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன.
ஒரு கடித உறையில் போட்டு
மேலே எழுதி வைத்திருக்கிறேன்:
நாற்பத்தேழுக்கு.
மார்லீஸின் ஷட்டரில் மட்டும்.