முகூர்த்த நாள் கணக்கு

மாதக் கடைசியில் ரெண்டாயிரம் குறையும்.
சம்பளம் ஒன்பதாயிரமாக இருந்தபோதும் ரெண்டாயிரம்,
பன்னிரண்டானபோதும் அதே ரெண்டாயிரம்.
அதற்கு மட்டும் விலைவாசி தெரியாது.

ஈரடுக்கு மேம்பாலத்துத் தூணில் ஒட்டியிருந்தார்கள்:
பகுதி நேர வேலை, வீட்டிலிருந்தபடியே,
படிப்பு தேவையில்லை,
நேரம் உங்கள் விருப்பம்.
கூப்பிட்டேன்.
குழைந்த குரலில் ஒரு பையன்
முதலில் ஆயிரத்து ஐநூறு கட்டச் சொன்னான்.
"தம்பி, வேலை பாக்கது நான்.
காசும் நானே தரணுமாக்கும்?"
கட் பண்ணிவிட்டான்.

டியூஷன் வைத்தேன். தெருப் பிள்ளைகள் ஏழு.
ஃபீஸ் ஒரு மாதம் முருங்கைக்காயாக வந்தது,
மறுமாதம் "சேத்துத் தாரேன்க்கா" என்று வந்தது.
பீடித்தட்டு வாங்கேன் என்றாள்
மேலப்பாளையத்து ஜெய்புன்னிசா.
நான் சுருட்டிய நாலைப் பார்த்துவிட்டு
அவளே தட்டை எடுத்து உள்ளே வைத்தாள்.

பம்புசெட் கடையில் பில் எழுதுகிறவள் நான்.
முதலாளியின் கொழுந்தியாள் மகளுக்குச் சடங்கு.
மொய் எழுத வரவேண்டியவர்
முந்தின ராத்திரியே வேறொரு கல்யாணத்தில்
விழுந்து கிடந்தார்.
"பிரம்மசக்தி, உன் எழுத்து குண்டுகுண்டா இருக்கும்லா, வா."
அப்படித்தான் உட்கார்ந்தேன்,
சந்தனக் கிண்ணத்துக்கும் எவர்சில்வர் பானைக்கும் நடுவில்.

"பொம்பளையா மொய் எழுதுதது?" என்றார்
தாழையூத்துக்காரர் ஒருவர்.
எழுதி முடித்ததும் குனிந்து தன் பெயரைப் படித்தார்,
இரண்டு தரம்.
பிறகு போன் நம்பர் கேட்டார்.
பேரனுக்குக் காதுகுத்து.

இப்போது என் ஷிப்டைப் போடுவது பஞ்சாங்கம்.
ஆறிலிருந்து ஏழரை முகூர்த்தம்,
ஒன்பதரைக்குக் கடை.
ஒரே பட்டு, எல்லாக் கல்யாணத்துக்கும் யூனிபார்ம்.
மூலைக்கரைப்பட்டியில் மட்டும் சுப்பையா நாலு பேர்:
ரைஸ்மில் சுப்பையா, நெட்டைச் சுப்பையா,
போஸ்ட்மேன் சுப்பையா.
நாலாமவரிடம் கேட்டால்
"வெறும் சுப்பையான்னு போடுங்க" என்கிறார்.
போட்டேன்.
வெறும் சுப்பையா, ஐம்பத்தொன்று.

வைகாசிக் கடைசியில் ஒருத்தர்
கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்து வந்தார்.
"ஆயிரத்தொண்ணுன்னு எழுதும்மா. கையில இருநூறுதான்.
மிச்சத்த நான் மாப்பிள்ளகிட்டயே குடுத்துக்கிடுதேன்."
காலர் கிழிந்து உள்நூல் தெரிந்தது.
அன்றைக்குத் தேதி முப்பது.
இருநூற்றொன்று என்று எழுதினேன்.
அந்த ஒரு ரூபாய் என் பர்ஸிலிருந்து.
அதை அவர் பார்த்தாரா தெரியாது.
சாப்பிடாமல் போய்விட்டார்.

மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரத்தை
ரப்பர் போட்டுக் கட்டி
பெண்ணின் தாய்மாமன் மடியில் வைத்தேன்.
எனக்கு அறுநூறு, ஒரு தாம்பூலப்பை.
பந்தியில் அல்வாவை வேண்டாமென்பேன்.
விரலில் ஒட்டினால் பேப்பரில் எண் அழியும்.

என் கல்யாண நோட்டும் வீட்டில் இருக்கிறது.
பதினாறாம் பக்கம்:
நாங்குநேரி பாக்கியத்தாய், இருநூற்றைம்பது.
அவள் மகன் கல்யாணத்துக்கும் எழுதப் போனவள் நானே.
வாங்கிய கூலியைப் பர்ஸில் வைக்கவில்லை.
கட்டி முடித்த நோட்டைத் திரும்ப அவிழ்த்து
பிரம்மசக்தி, தச்சநல்லூர், ஐந்நூறு என்று
அதே குண்டு எழுத்தில் எழுதினேன்.
அன்றைய வருமானம்
நூறு ரூபாய், ஒரு தேங்காய்.

ரெண்டாயிரம் இப்போது
எழுநூற்று நாற்பதில் நிற்கிறது.
காலண்டரில் ஆனி முடியப் பதினொரு தாள்.
ஆடி முழுக்கப் போன் அடிக்காது.
நேற்று பஸ்ஸிலிருந்து பாலத்துத் தூணைப் பார்த்தேன்.
பழைய நோட்டீஸின் மேல்
யாருக்கோ கண்ணீர் அஞ்சலி.
ஓரத்தில் "நேரம் உங்கள் விருப்பம்" மட்டும்
மிச்சமிருந்தது.
நம்பரைக் காணோம்.