எழுபது நெல்மணி எடை

கொழும்புக் கடை ஏழு நாள் தவணை தந்திருக்கிறது.
இரண்டு பெட்டி. ஒன்று பெல்ட்டில் சுழல்வது,
மற்றதில் மோட்டரின் முதுகிலேயே தட்டு.
பிடித்ததற்குக் காசு கட்டவேண்டும்,
பிடிக்காததைக் கீறல் விழாமல் லொறியில் ஏற்றவேண்டும்.

விற்பனைப் பொடியன் ஷெர்வின் ஃபோனில் சொன்னான்:
பெல்ட் எண்டா இழைவு சேர், மற்றது பிடிமானம்.
எனக்கா தம்பி பெல்ட்டைப் பற்றிச் சொல்கிறாய்?
சம்மாந்துறையில் இருபத்தாறு வருஷம் நெல்லுக் குத்துகிறேன்.
மாரி ஈரத்தில் வழுக்கும் பெல்ட்டுக்குக்
குங்கிலியம் தூவிய கை இது.
ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.
அவன் குரலில் அவ்வளவு பக்தி.

ஊசியை நிறுக்கும் தராசு
ஒரு அழிறப்பர் அளவுதான்.
ஒன்றே முக்கால் கிராம் அழுத்தம் வேண்டுமாம்.
நம்பாமல் நெல்லை எண்ணி வைத்துப் பார்த்தேன்.
எழுபது மணி.
அறுபத்தைந்து கிலோ மூடையைத் தோளில் வாங்குகிறவர்கள்
சம்பளத்துக்கு வாசலில் நிற்க,
எழுபது மணிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு
நான் குனிந்திருந்தேன்.

என்னிடம் இருப்பது ஒரே தட்டு.
லேபல் கிழிந்தது. பாடுகிறவள் யாரென்று தெரியாது.
திங்கள் பெல்ட். செவ்வாய் மோட்டர். புதன் திரும்பவும் பெல்ட்.
பெல்ட்டில் அவள் சற்றுத் தள்ளி நிற்கிறாள்.
மோட்டரில் மேசைவரை வந்து
பாக்கி கேட்கிறவள் மாதிரி.
அல்லது விலைப்பட்டியலைப் படித்த காதா இது?
ஜெஸீமாவைச் சுவர் பார்த்து இருக்கச் சொல்லி
மாற்றி மாற்றிப் போட்டேன்.
"ரெண்டிலயும் உமித்தூசிதான் கேக்குது" என்றாள்.
விலையைப் பாதியாய்ச் சொல்லியிருந்தேன்.
அந்தப் பாதிக்கே ஒரு பார்வை பார்த்தவள்.

வியாழன், இஷாவுக்குப் பிறகு, பெல்ட்டின் முறை.
நடுப்பாட்டில் கரண்ட் போனது.
மில், தெரு, மின்விசிறி,
ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு,
எல்லாம் ஒரே நொடியில் ஊமை.
தட்டு மட்டும் நிற்கவில்லை.
எட்டுக் கிலோ, ஓடிய ஓட்டத்தில் ஓடியது.
ஊசி முனையில், எந்தப் பெட்டியின் உதவியுமில்லாமல்,
எறும்பளவு ஒரு குரல்.
அவள்தான்.
மெல்ல மெல்லத் தடித்து, ஆணாகி,
எருமையாகி, பெருமூச்சாகி
ஒரு சொல்லின் பாதியில் இறங்கினாள்.

இருட்டில் ஜெஸீமாவின் கன்னம்
தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.
எப்போது வந்தாள் தெரியாது.
"இவ சும்மாவே பாடுவாவெண்டா
அந்த ரெண்டு அலுமாரியும் எதுக்கு?"

வெள்ளி, ஜும்ஆ முடிந்து வந்து
மற்றதைப் பூட்டி, ஓடவிட்டு,
மெயினை நானே இறக்கினேன்.
நாலு சுற்று. நின்றுவிட்டது.
குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

"எப்பிடி சேர் முடிவெடுத்தீங்க?" என்றான் ஷெர்வின்.
நிற்கிற விதத்தைப் பார்த்து, என்றேன்.
லைனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
மாரிக்கு முன்னம் பெல்ட் ஒன்று
கூடுதலாய் அனுப்பச் சொன்னேன்.