இலைக்கு என்ன விலை

கழி வெட்டுவது என் பிழைப்பு.
எஜுராவில் எழும்பும் மாடி வீடுகளுக்குச்
சாரம் கட்ட என் மூங்கில்தான் போகிறது.
இலையை யார் கேட்டார்கள்?
கழித்துக் குவித்துக் கொளுத்துவேன்.
பச்சை இலை சுலபத்தில் பற்றாது,
புகைந்து புகைந்து கண்ணைக் கரிக்கும்.

ஜனவரி.
ஹர்மத்தான் காற்று வடக்கே ஒரு பாலைவனத்தைப் பொடித்து
எங்கள் பல்லிடுக்கில் போட்டுவிட்டுப் போகிறது.
ஓடை நின்றுவிட்டது.
புல் இருந்த இடத்தில் புல்லின் நிறம்கூட இல்லை.
என் மூங்கில் புதர் மட்டும்
ஊர்ச் சண்டையில் சேராதவனைப்போல்
பச்சையாய் நிற்கிறது.

அந்த மஞ்சள் மாடு அப்போதுதான் வந்தது.
விலாவை எண்ணலாம்போல் இருந்தது; எண்ணினேன்.
ஒரு பக்கம் பதினொன்று.
கொளுத்த வைத்திருந்த குவியலில் முகம் புதைத்து
நாக்கைச் சுழற்றி இழுத்தது.
பின்னாலேயே ஓடி வந்தான் யேரோ,
கையில் தடி, வாயில் மன்னிப்பு.
போன வருடம் யாருடைய மரவள்ளிக்கோ
அபராதம் கட்டியவன்.
மாடு தலை தாழ்த்துகிற இடமெல்லாம்
அவனுக்குப் பஞ்சாயத்து.

"எவ்வளவு?" என்றான் எடுத்ததும்.
சும்மா கொண்டு போ என்றிருக்கலாம்.
இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் பாக்கி.
"கட்டுக்கு ஒரு சிடி" என்றேன்.

மறுநாள் வந்து சொன்னான்:
"ஊலே மட்டும் தின்கிறாள்.
மற்றதெல்லாம் முகர்ந்துவிட்டு என்னைப் பார்க்கிறது."
நிழலில் வாடப் போட்டு
உப்புத் தண்ணீர் தெளித்தானாம்.
நாலாம் நாள்
இருபத்தாறு தாடைகளும் அசைந்தன.
அன்று முதல் தினம் முப்பது கட்டு.

முப்பது கட்டுக்கு இலை எங்கே?
முற்றாத கழியில் கைவைத்தேன்.
இலைக்காகக் கழி வெட்டினேன், அக்யாமா,
கழிக்காக இலையை எரித்தவள்.
பிப்ரவரி கடைசியில் மேஸ்திரி
பதினெட்டுக் கழியைத் திருப்பி அனுப்பினார்.
"வளைகிறது. மேலே ஆள் நிற்கிறான், தெரியுமா?"

தெரியும்.
பிறகு வெட்டவில்லை. ஏணி வைத்து ஏறி
பக்கக் கிளைகளை மட்டும் ஒடித்தேன்.
மூங்கில் இலைக்கு விளிம்பெல்லாம் கத்தி;
சுணை கழுத்துக்குள் இறங்கி
ராத்திரி முழுக்க அரிக்கும்.
ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கட்டுதான் தேறியது.
யேரோ பேரம் பேசவில்லை.
கன்று போட்டவற்றுக்கு மட்டும் பிரித்துக் கொடுத்தான்.
மற்றவை அவனைப் பார்த்தபடி நின்றதை
நான் பார்த்தபடி நின்றேன்.

ஒரு காலை சுரைக்குடுக்கையில் பால் கொண்டுவந்தான்,
அடியில் இரண்டு விரல் உயரம்.
"கணக்கில் கழிக்காதே" என்றான்.
கழிக்கவில்லை.
அன்று ஊலேயின் விலாவில் எட்டு.

ஏப்ரலில் மழை.
இரண்டு மாடு குறைந்த மந்தை
புல்லைத் தேடி வடக்கே போய்விட்டது,
பதினான்கு சிடி பாக்கியோடு.
புதரடியில் முளை தலைகாட்டுகிறது.
மேஸ்திரி மறுபடி ஆள் அனுப்பியிருக்கிறார்,
முற்றிய கழி மட்டும் வேண்டுமாம்.

வெட்டி, கழித்து, குவித்தாயிற்று.
தீப்பெட்டி இடுப்பில் இருக்கிறது.
மழை ஈரம், எப்படியும் பற்றாது
என்று சொல்லிக்கொண்டு
பாதையைப் பார்க்கிறேன்.

இப்போது எத்தனை தெரியும்,
ஒரு பக்கம்?