பெயர் வாற இடத்தில்

தவயோகம் அண்ணையின் கார்
சத்தமில்லாமல் வந்து நின்றது.
அதுதான் முறைப்பாடே.

எண்பத்துநாலாம் ஆண்டுக் கொரொல்லா.
கூரையில் இரண்டு புனல் ஸ்பீக்கர்.
உள்ளே ஒரு ஃபான், இரண்டு போன் சார்ஜர்,
மாதா படத்தைச் சுற்றி
மினுங்கி மினுங்கி நீல லைற்.
மரண அறிவித்தல் வாகனம்.

"பெயர் வாற இடத்திலை வெட்டுது, தம்பி.
நேற்று உடுவிலிலை,
'சுன்னாகத்தைப் பிறப்பிடமாகவும்
மருதனார்மடத்தை வதிவிடமாகவும் கொண்ட...'
பேந்து ஒண்டுமில்லை.
என்ர வாய் அசையுது.
ஒழுங்கை முழுக்கப் படலையிலை நிண்டு
ஆர், ஆர் எண்டு கேக்குது."

அரைகுறையாய்க் கேட்டவர்கள்
மலர்வளையத்தோடு வேறொரு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.
செத்ததாய் நினைத்த மனுசியே படலை திறந்து
ஆரைத் தேடுறியள் என்றாவாம்.

மீற்றரை வைத்தேன்.
கொஞ்சம் மிதித்தால் பதின்மூன்று தசம் ஆறு.
ஐடிலில், லைற்றும் போட்டு, மைக்கில் ஒரு ஊது ஊதினால்
பதினொன்று தசம் ஒன்று.
மாதாவின் நீலம் மங்குகிறது,
அம்ப் கண்ணை மூடுகிறது.

வேகமாய் ஓடினால் கரண்ட் வரும், அண்ணை.

"சாவு சொல்லிக்கொண்டு வேகமாய் ஓடேலுமோ?
நடக்கிற ஆளின்ரை நடைதான்.
முடக்குக்கு முடக்கு
நிண்டு நிண்டுதான் போகவேணும்."

அதுவும் உண்மை.
நாற்பது அம்பியர் தருகிறவனிடம்
அறுபது கேட்டுக்கொண்டிருக்கிறது இந்தக் கார்.
ஒவ்வொன்றாய்ப் பூட்டும்போது
எல்லாம் சின்னச் சாமான்தான்.

ஸ்ரான்லி வீதியில் பழைய ஹைஏஸ் ஒன்றின்
தொண்ணூறு அம்பியர் அல்ரனேற்றர் கிடைத்தது.
பிராக்கற் பொருந்தவில்லை.
வெட்டி, ஒட்டி, திரும்ப வெட்டி,
பெருவிரலில் ஒரு கொப்புளம்.
அல்ரனேற்றரில் இருந்து பற்றரிக்குச்
சுண்டுவிரல் மொத்தத்தில் வயர்.
பற்றரிக்கு ஒரு சாண் தள்ளி பியூஸ்.
பெல்ற் புதிது.

மிஞ்சினது எர்த்.
பழைய ஆணியைக் கழற்றினால்
மஞ்சள் பெயின்ற், கீழே சாம்பல்,
அதுக்கும் கீழே வந்த நாளின் நீலம்.
மூன்று பெயின்றுக்கு மேலே
எர்த் பிடித்திருக்கிறான் ஒருத்தன்.
போகிற வயரை எல்லாரும் பார்க்கினம்.
திரும்பி வாற வழியை ஒருத்தரும் பார்ப்பதில்லை.
தகடு வெளுக்கும் மட்டும் சுரண்டினேன்.

ஐடிலில் பதின்மூன்று தசம் ஒன்பது.
எல்லாம் போட்டும் பதின்மூன்று தசம் நாலு.
"எதையாவது சொல்லிப் பாருங்கோ" என்றேன்.

மைக்கைப் பிடித்தபடி யோசித்தார்.
இருபத்தொரு வருசம் இதிலே
வேறொன்றும் சொன்னதில்லையாம்.
ஒண்டு, ரெண்டு என்று எண்ண வெட்கமாம்.
பேந்து தொண்டையைச் செருமினார்.

"ஜப்பானைப் பிறப்பிடமாகவும்
கொக்குவிலை வதிவிடமாகவும் கொண்ட
நாற்பது அம்பியர் அல்ரனேற்றர்
இன்று காலை பத்து மணியளவில்
கராச் ஒன்றில் கழற்றப்பட்டார்.
அன்னார் பற்றரியின் அன்புத் துணைவரும்
பெல்ற், புலி ஆகியோரின்
பாசமிகு..."

ஒரு எழுத்து அறுபடவில்லை.
ஆனைக்கோட்டை மட்டும் கேட்டிருக்கும்.

எதிர்க் கடைக்காரன் சிரித்தான்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திச் சிரித்தன.
கடைசிச் சொல்லை மட்டும் கேட்ட ஒரு மனுசன்
தோளில் துவாயோடு, பாதிச் சவரத்தோடு
ஓடி வந்து என்னிடம் கேட்டது:
"ஆர், தம்பி? என்ன வருத்தம்?"

ஒருத்தரும் சாகேல்லை, ஐயா.
அவர் நம்பவில்லை.
காரைச் சுற்றி ஒருதரம் நடந்து,
மாதாவைப் பார்த்து,
நிலத்தில் கிடந்த பழைய சாமானையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

காசை எண்ணித் தந்த தவயோகம் அண்ணை
சட்டைப்பையிலிருந்து கொப்பியை எடுத்தார்.
"முழுப்பெயர் என்ன? தகப்பன்? பிறந்த இடம்?"

பில்லுக்கோ, அண்ணை?

"சும்மா எழுதி வைப்பம்.
இனி வெட்டாதுதானே."